அசெம்பிளா, பிராண்டடா? பசுமலை வட்டாரத்து கேமிங் சிஸ்டம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கேமிங் கணினியைப் பெட்டியோடு வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதா என்ற வினாவை உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வாதிடுகிறது. அதே வினாவை மதுரைப் பசுமலையில் வைத்து ஆராயப் புகுந்த இக்கட்டுரை, கட்சிகள் இரண்டல்ல, மூன்று என்று கண்டது. மூன்றாவது கட்சியின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஒருவரே: கடைக்கார அண்ணன். அயல்நாட்டு ஆய்வேடுகள் அவரைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல், கரு, உரி

தமிழ் மரபில் நிலமும் பொழுதும் சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. நிலம்: வடக்கே பழங்காநத்தம், தெற்கே திருப்பரங்குன்றம், நடுவே ஒரு மலை. 1881இல் அமெரிக்கன் கல்லூரி முளைவிட்ட மண் இது என்பதால் களத்தின் தகுதியில் ஐயமில்லை. கல்லூரி பிறகு வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் பக்கம் போய்விட்டது. ஆய்வு இங்கேயே தங்கிவிட்டது.

பெரும்பொழுது: வேனில். மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்களில் கேபினட் விசிறி உள்ளே இழுப்பதும் அதே அனல்தான். அறையின் காற்றைவிடப் பிராசசரைக் குளிர்விக்க எந்த விசிறியாலும் இயலாது. சிறுபொழுது: வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பின்.

கருப்பொருள்: மதர்போர்டு, பிராசசர், ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், புழுதி.

உரிப்பொருள்: கூரியருக்குக் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். இதனால் இத்திணையை முல்லையில் அடக்குவர்.

தொன்மை பற்றிய வழக்கு

அசெம்பிள் கட்சியார் தம் மரபுக்கு 1981 ஆகஸ்ட் மாதத்தை ஆதியாகக் காட்டுவர். அம்மாதம் ஐபிஎம் வெளியிட்ட பிசி, பெரும்பாலும் பிறர் செய்த பாகங்களால் ஆனது. பிராசசர் இன்டெல்லின் 8088, இயங்குதளம் மைக்ரோசாப்டினுடையது. போதாததற்கு, உள்ளே மின்சுற்று எப்படி ஓடுகிறது என்பதையும் ஐபிஎம் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. அடுத்த ஆண்டே காம்பேக் அதற்கு ஒத்த கணினியை அறிவித்தது. பிறகு 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்னும் அளவை வகுத்தது. போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ., திருகு துளைகள் இன்ன இடத்தில், மின் இணைப்பு இன்ன வடிவில் என்று வரையறுத்தது. தைவானில் செய்த போர்டு, வேறெங்கோ செய்த கேபினட்டுக்குள், பழங்காநத்தத்துக் கட்டில் ஒன்றின்மேல் வைத்துப் பூட்டும்போது பொருந்துவது அந்த வரையறையால்தான்.

இதை மறுத்து, நிறுவனமே கட்டித் தருவதுதான் மூத்த மரபு என்பர் பிராண்டட் கட்சியார். அது பொருந்தாது என்க. என்னையெனின், அக்கட்சியின் பெருந்தலைகளில் ஒன்றான டெல், 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் மைக்கேல் டெல் என்ற 19 வயது மாணவர் 1,000 டாலரோடு தொடங்கியது. அறையில் அவர் செய்துகொண்டிருந்த வேலை, கணினிகளைத் திறந்து பாகங்களைக் கூட்டி விற்பது. 1996இல் மயாமியில் இரு நண்பர்கள் விளையாட்டுக்கென்றே கணினி பூட்டத் தொடங்கியதுதான் ஏலியன்வேர். 2006இல் அதை டெல் வாங்கியது. 2007 முதல் டெல்லின் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது. ஆகவே பிராண்டட் என்பது வளர்ந்து, கல்யாணமாகி, தொழிற்சாலை வைத்த அசெம்பிளே.

அசெம்பிள் கட்சியின் நிலை

இக்கட்சியின் வலுவான சான்று மனநூலில் கிடைக்கிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டான் ஆரியலி ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அட்டைப் பெட்டியைத் தாமே பூட்டியவர்கள், பூட்டித் தரப்பட்ட அதே பெட்டிக்குப் பிறர் தர முன்வந்ததைவிட 63 சதவீதம் கூடுதலாகத் தர முன்வந்தனர். தன் கைபட்ட சிஸ்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிள்ளை சாப்பாடு ஆறியும் நிறுத்தாததன் காரணம் இதுவே. அதே ஆய்வு வேறொன்றும் சொல்கிறது: பாதியில் விட்டவர்களிடம் இந்தப் பாசம் காணப்படவில்லை. கேபினட்டின் முகப்பிலிருந்து வரும் பவர் சுவிட்ச் வயரை எந்த ஊசியில் செருகுவது என்று தெரியாமல், இரவு இரண்டு மணிக்குச் செல்போன் வெளிச்சத்தில் குனிந்திருப்பவரை இப்பிரிவில் சேர்க்க வேண்டும்.

பூட்டுவதில் நேரும் பிழைகளை நூலோர் இவ்வாறு வகுப்பர். மதர்போர்டைத் திருகி முடித்த பின், பின்பக்கத் தகட்டை மாட்ட மறந்தது நினைவுக்கு வருதல் முதலாவது. 6000 வேகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ராம், பயாஸில் ஓர் அமைப்பை மாற்றாததால் 4800இல் ஓடுவதும், அது தெரியாமலே உரியவர் மகிழ்ந்திருப்பதும் இரண்டாவது. மூன்றாவது மிக நுட்பமானது: பெரும்பணம் கொடுத்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகுதல். இன்டெல் பிராசசர் பெயரின் இறுதியில் எஃப் இருந்தால் திரை கருப்பாகவே நிற்கும், பிழை உடனே வெளிப்படும். இல்லையென்றால் படம் வரும், ஆனால் விளையாட்டு தவழும், உரியவர் இன்டர்நெட்டைத் திட்டுவார்.

நான்காவதற்கு உலகப் புகழ் உண்டு. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றின் 16 முனை மின் இணைப்பு உருகியது. பலரிடம் அது முழுதாகச் செருகப்படவில்லை என்றது என்விடியா.

பிராண்டட் கட்சியின் நிலை

இக்கட்சியின் பேச்சாளர் பெரும்பாலும் அப்பா. ஒரே பில், ஒரே கம்பெனி, ஒரே போன் நம்பர் என்பது அவர் வாதம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது, மூடிய பெட்டியில், முழுசாக. அதைத் திறந்து ராம் எந்தக் கம்பெனி என்று அன்று யாரும் பார்க்கவில்லையே, ஓடவில்லையா என்று கேட்பார். பதில் சொல்வது கடினம்.

சந்தையும் அவ்வப்போது அவர் பக்கம் சாயும். 2020, 2021 ஆண்டுகளில் எத்தீரியம் நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டபோது, கார்டைத் தனியாகத் தேடி அலைவதைவிடக் கார்டு உள்ள முழுக் கணினியை வாங்குவது பலருக்கு மலிவாகப் போனது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் அந்தத் தோண்டல் நின்றது. 2025 இறுதியில் ராமின் முறை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைக் கேட்டுக் குவிக்க, விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குருஷியல் வணிகத்தையே கைவிடப்போவதாக அறிவித்தது. பழைய விலைக்கு ராம் வாங்கி அடுக்கியிருந்த பெரிய கம்பெனிகள் அன்று அப்பாவின் கண்ணில் தீர்க்கதரிசிகளாகத் தெரிந்தன.

ஆனால் பெரிய கம்பெனிகளின் சில டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏடிஎக்ஸ் அளவில் இருப்பதில்லை. மூன்றாண்டு கழித்து ஒன்று போனால் அதே கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும். முழுக் கணினிக்கு வழக்கமாக ஓராண்டு வாரன்டி. தனிப் பெட்டியில் வாங்கிய இன்டெல் பிராசசர் ஒன்றுக்கே வழக்கமாக மூன்றாண்டு.

மூன்றாம் கட்சி

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நடக்கும் பசுமலைப் பிள்ளை கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். பாகங்களைத் தேர்ந்தவன் அவன். பூட்டப்போகிறவர் அண்ணன். இது தானே கட்டியதா, கட்டியதை வாங்கியதா? அயல்நாட்டு இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை. இங்கே அசெம்பிள் என்றாலே இதுதான். சென்னை ரிச்சி தெருவிலும் இதே வழக்கு.

"அண்ணே, யூடியூப்ல இந்த போர்டுதான் சொன்னாங்க."

"நாளைக்கு கம்ப்ளைன்ட்னா யூடியூப்காரனா தம்பி வருவான்?"

பட்டியலில் இரண்டு பாகங்கள் மாறும். கேபினட்டின் வண்ண விளக்குக்கு ஒதுக்கிய பணம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும். "அதுல மட்டும் காசப் பாக்காத தம்பி. அது வெடிச்சா எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிரும்." மின்சாரம் போய்ப்போய் வந்த 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் கடை நடத்தியவருக்கு இதில் மேற்கோள் தேவைப்படுவதில்லை. பிறகு, "சாயங்காலம் வாங்க."

அண்ணனின் வாரன்டி அச்சில் இல்லை. பாகங்களுக்குக் கம்பெனி வாரன்டி வேண்டுமென்றால் பில்லும் சீரியல் நம்பரும் வேண்டும். அண்ணனுக்கு முகம் போதும். இரவு திரை கருத்தால் மறுநாள் காலை யார் கடை வாசலில் போய் நிற்பது என்பதே பசுமலையில் உண்மையான வினா. திருகாணியை யார் திருகினார்கள் என்பது அதற்குப் பின்னால் வருகிறது.

மூன்று கட்சிகளும் ஒன்றுபடும் இடம்

விளையாடும்போது சுமார் 500 வாட் இழுக்கும் சிஸ்டம் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் 120 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கிடைத்துவந்த 100 யூனிட் இலவசம், ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடுமுன்பே தீர்ந்தது. மீட்டர் பிராண்டு பார்ப்பதில்லை.

ஆய்வின் வரம்புகளும் மேலாய்வும்

லேப்டாப் வைத்திருப்போர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் சண்டை வேறு.

மேலாய்வுக்கு இரண்டு தலைப்புகள் காத்திருக்கின்றன. ஒன்று, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கேபினட்டின் கண்ணாடிப் பக்கம், பிளக் பாயின்ட் இருக்கும் திசை காரணமாகச் சுவரைப் பார்த்தபடி வைக்கப்படுவது ஏன் என்பது. மற்றொன்று, வாரன்டி முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று பரணில் ஏற்றிய காலி அட்டைப் பெட்டிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை தெருவில் குரல் கொடுக்கும் பழைய பேப்பர்காரருக்கும், அம்மாவுக்கும் இடையே உள்ள முக்கோண உறவு. முனைவர் பட்டத்துக்கு இரண்டாவது போதுமானது.