பத்தாயிரம் தொண்டை, நூறு சம்மட்டி

அமைதியைக் கொண்டாடுவதற்காக பாஸ்டன் நகரம் பீரங்கிகளை வரவழைத்தது. 1869 ஜூன் மாதம். அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பீரங்கிச் சத்தம் நின்றுபோனதில் ஊரெல்லாம் நிம்மதி. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பேண்டு மாஸ்டர் பாட்ரிக் கில்மோருக்கு மட்டும் ஏதோ குறை. போர் நடக்கும்போதே, 1864-ல், நியூ ஆர்லியன்ஸில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்து, நடுநடுவே பீரங்கி வெடித்து ருசி கண்டவர் அவர். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

இந்த முறை கணக்கு பெரியது. பத்தாயிரம் பாடகர்கள், ஆயிரம் வாத்தியக்காரர்கள், 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒரு மரக் கொட்டகை. அளவைக் கேட்ட உள்ளூர்ப் பணக்காரர்களுக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு ஓட்டல் அறைகளும் ரயில் டிக்கெட்டும் எத்தனை விற்கும் என்று மனக்கணக்குப் போட்டதும் தெளிந்துவிட்டது.

பத்தாயிரம் தொண்டைக்கு எங்கே போவது? அங்கேதான் கில்மோருக்கு அதிர்ஷ்டம். நியூ இங்கிலாந்தில் சின்னச் சின்ன ஊர்களில்கூடச் சேர்ந்திசைச் சங்கங்கள் இருந்தன. பகலில் துணிக்கடையில் முழம் போடுகிறவர், பள்ளிக்கூடத்து டீச்சர், பாதிரியாரின் மனைவி எல்லோரும் வேலை முடிந்து கூடி, ஹாண்டலையும் ஹைடனையும் ஒரு கை பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது. நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியை நிறுவிய எபன் டூர்ஜே இந்தச் சங்கங்களை வளைத்துப் பிடித்தார். நூறு சங்கங்களுக்கு மேல் சேர்ந்தன. அந்தந்த ஊரிலேயே ஒத்திகை, அப்புறம் மொத்தப் படையும் பாஸ்டனில் சங்கமம்.

ஏற்பாடு பிரமாதம். ஒலிக்குத்தான் அவசரம் தெரியவில்லை. 500 அடியைக் கடக்க அதற்கு ஏறக்குறைய அரை விநாடி வேண்டும். இந்தக் கோடியில் பாடுவது அந்தக் கோடிக்குப் போய்ச்சேர்வதற்குள் தாளம் அடுத்த தட்டுக்குப் போய்விடும். பக்கத்து ஆசாமியின் பாட்டை நம்பினால் கெட்டீர்கள். நடத்துநரின் கோலைப் பார்த்தால் பிழைத்தீர்கள், ஆனால் அந்தக் கோலோ தூரத்தில் தீக்குச்சி மாதிரி தெரிகிறது. மார்ட்டின் லூதரின் பழைய தேவாலயப் பாட்டைப் போல ஆற அமரப் போகிற உருப்படி என்றால் தப்பித்தது. வேக ஸ்வரங்கள் வந்தால் அவரவர் தலைவிதி.

கில்மோருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர் கையில் வேறு சரக்கு இருந்தது. வெர்டியின் ஓபராவில் ஜிப்சிகள் பட்டறையில் இரும்படித்துக்கொண்டே பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதற்குச் சிவப்புச் சட்டை போட்ட நூறு தீயணைப்பு வீரர்கள் தோளில் சம்மட்டியோடு அணிவகுத்து வந்தார்கள். நூறு பட்டடைக்கல்லில் ‘டங் டங்’. வெளியே பீரங்கிகள், மின்சாரக் கம்பி வழியே உள்ளிருந்தே சுடும்படி ஏற்பாடு. ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டார்கள், கிடைத்தது. ஜனாதிபதி கிராண்டும் வந்திருந்தார். சங்கீதம் என்றாலே காத தூரம் ஓடுபவர் என்று பெயர் வாங்கிய ராணுவத் தளபதி. பீரங்கி வந்த இடங்களில் மட்டும் அவருக்குச் சுருதி பிடிபட்டிருக்கும்.

ஒருமுறை பிழைத்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பதில்லை. 1872-ல் எல்லாம் இரண்டு மடங்கு: இருபதாயிரம் பாடகர்கள், இரண்டாயிரம் வாத்தியக்காரர்கள். வியன்னாவிலிருந்து யோகான் ஸ்ட்ராஸே வந்து இறங்கினார். அவருடைய ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் 1867-ல் ஒரு ஆண்கள் சேர்ந்திசைச் சங்கம் பாடித்தான் முதலில் அரங்கேறியது. ஆக, வால்ட்ஸ் ராஜாவுக்கும் இந்தச் சங்கக் கூட்டம் புதிதல்ல. ஆனால் இந்த அளவு புதிது. பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தபடி, அவருக்குக் கீழே நூறு துணை நடத்துநர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். முடியாது என்று சொல்லி உயிரோடு ஊர் போய்ச்சேர முடியுமா என்ற கவலை வேறு. திடீரென்று ஒரு பீரங்கி வெடித்தது, அதுதான் ஆரம்பிக்கலாம் என்பதற்கு ஜாடை. கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றாகத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றாக முடித்துவைப்பது மட்டுமே அதன்பின் அவருடைய லட்சியமாக இருந்தது. முடித்தும் விட்டார். இடைப்பட்ட நேரத்தில் நடந்ததற்குச் சங்கீதம் என்று அவரே பெயர் வைக்கவில்லை.

அந்த விழாவில் எனக்குப் பிடித்த ஆட்கள் வேறு. நாஷ்வில் நகரத்திலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் என்ற கறுப்பின மாணவர் குழு வந்திருந்தது. பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ‘குடியரசின் போர்ப் பாடல்’ வந்தபோது வாத்தியங்கள் சுருதியை ஏகத்துக்கு ஏற்றிவிட்டன. முதல் சரணங்களைப் பாடிய உள்ளூர்க்காரர்களுக்குத் தொண்டை எட்டவில்லை, பாட்டு நார்நாராகக் கிழிந்தது. அடுத்து ஃபிஸ்க் குழுவின் முறை. இப்படி ஆகும் என்று மோப்பம் பிடித்து, அந்த உச்ச சுருதியிலேயே பாடிப் பழகிவிட்டு வந்திருந்தார்கள் அந்தப் புத்திசாலிகள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கடைசி வரிசை வரை போனது. கூட்டம் எழுந்து நின்றது, தொப்பிகள் பறந்தன, ஸ்ட்ராஸ் வயலினைத் தூக்கி ஆட்டினார். பீரங்கி இல்லாமலே!

இரண்டாவது விழாவில் நஷ்டம். கில்மோர் 1873-ல் நியூயார்க்கில் ஒரு ராணுவ பேண்டை ஏற்றுக்கொண்டு பாஸ்டனை விட்டுக் கிளம்பினார். அங்கே கச்சேரிக்கு ஒரு பெரிய இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அதற்குமுன் அதை வைத்திருந்தவர் சர்க்கஸ் முதலாளி பார்னம்.