பெரியகல்லாற்றை மாலியோடு சேர்த்துவிடுங்கள்

ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற பெரியகல்லாற்றை, அதன் சனம், தென்னை, கோயில், தோணி எல்லாவற்றோடும் மாலி நாட்டின் காவோ நகரத்தோடு சேர்த்துவிடும்படி. தூரம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காவோவில் இருந்த சனத்துக்குக் கிடைத்த ஒரு சலுகை எங்களுக்குக் கிடைத்ததில்லை. துவக்கோடு வந்து இறங்கப்போகிற இலங்கைச் சிப்பாய் இதற்கு முன் எங்கே என்ன செய்தான் என்று அவர்களுக்காக யாரோ ஒருவராவது கேட்டார்கள்.

2018 ஒக்டோபரில் நடந்தது இது. மாலியில் ஐ.நா.வின் அமைதிகாக்கும் பணிக்குப் போன இலங்கைப் படைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கேணல் கலன அமுனுபுரவை நாட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது ஐ.நா. அவருடைய கடந்தகால மனித உரிமை நடத்தை பற்றிப் புதிதாகத் தகவல் கிடைத்ததாம். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் இந்தச் செய்தியை உரத்து வாசித்தபோது, பக்கத்து வாங்கில் இருந்த பெரியப்பா ஒருவர் பேப்பரைப் பிடித்து இழுத்தார்.

“அங்க ஆகாதவர மறுகா எங்க மனே விட்ட?”

“இஞ்சதான் பெரியப்பா.”

“அங்க ஆகாட்டி இஞ்ச ஆகுமாமோ?”

ஆகும் பெரியப்பா. அதுதான் சர்வதேச நியமம். மாலிக்கு உதவாத சாமான் உற்பத்தி செய்த கடைக்கே திரும்பி வரும். கடைக்காரனின் வீட்டுச் சனம் அதைத் தின்று சீவிக்க வேண்டியதுதான்.

அடுத்த வருஷம் ஓகஸ்டில் ஷவேந்திர சில்வா இராணுவத் தளபதியானார். இறுதி யுத்தத்தில் 58ஆவது படைப்பிரிவை நடத்தியவர். அந்தப் படைப்பிரிவின் மீது ஐ.நா.வின் சொந்த அறிக்கைகளிலேயே பாரதூரமான குற்றச்சாட்டுகள் உண்டு, அவர் மறுக்கிறார். நியமனம் வந்த மறுமாதமே, இலங்கை இராணுவத்தின் புதிய அனுப்புதல்களை நிறுத்துவதாக ஐ.நா. அறிவித்தது. தனது பணிகளுக்குப் பெரிய இடைஞ்சல் வந்தால் மட்டும் விதிவிலக்காம். அன்றைய கணக்கைப் பாருங்கள். இந்தத் தளபதியின் கீழுள்ள சிப்பாய் பாலைவனத்தில் லொறிக்குக் காவல் போகத் தகுதியற்றவன். அதே சிப்பாய் அதே தளபதியின் கீழ் கிழக்கில் எந்தச் சந்தியிலும் நின்று எங்கள் அடையாள அட்டையைக் கேட்கத் தகுதியானவன். தளபதிக்கு என்ன நடந்தது? 2020இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரத் தடை போட்டது. 2022இல் இலங்கை அவரைப் பாதுகாப்புப் படைகளின் பிரதானி ஆக்கியது. வெளியே கதவு சாத்தச் சாத்த, உள்ளே கதிரை உயர்ந்துகொண்டே போனது.

ஐ.நா. இதில் சுத்தமான கை என்று நினைத்துவிடாதீர்கள். 2012இல், அமைதிகாக்கும் படைகளுக்குக் கொடுக்கும் பணத்தின் விகிதத்தை ஆராய ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதில் ஆசிய நாடுகளின் ஆளாக வந்து அமர்ந்தவர், அப்போது நியூயோர்க்கில் இலங்கையின் துணை வதிவிடப் பிரதிநிதியாக இருந்த இதே ஷவேந்திர சில்வா. சத்தம் எழும்பிய பிறகுதான் குழுவின் தலைவி லூயிஸ் பிரெஷெட் அவரை ஒதுக்கி வைத்தார். சத்தம் எழும்பாவிட்டால்? தேத்தண்ணி குடித்துக்கொண்டே தலைக்கு எத்தனை டொலர் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

டொலர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 நடுப்பகுதியிலிருந்து ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,428 டொலர் என்று ஐ.நா. கொடுத்தது. சிப்பாயின் கையில் அல்ல, அரசாங்கத்தின் கையில். அதில் அவனுக்கு எவ்வளவு என்பது அரசாங்கத்தின் தயவு. இப்படி வாடகைக்குப் போனவர்களில் இருவர், ஒருவர் கப்டன், 2019 ஜனவரி 25ஆம் திகதி மாலியின் டுவென்ட்சா அருகே கண்ணிவெடியில் செத்துப்போனார்கள். வாகனத் தொடருக்குக் காவல் போன நேரம். அவர்களைப் பெற்றவர்களும் இந்தத் தீவில்தான் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். பெட்டி வந்த அன்று மரியாதை வேட்டு தீர்த்திருப்பார்கள். மறுநாள் கொழும்பில் யாருக்கும் ஞாபகம் இல்லை. 2023இல் மாலி அரசே ஐ.நா.வைப் போகச் சொன்னது. அந்த வருஷக் கடைசியோடு பணியும் முடிந்தது. அந்தப் பிள்ளைகள் எதைக் காத்துச் செத்தார்கள் என்று சிங்களத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

செத்தவர்களைப் பற்றிப் பேசாத நாடு, சாகாமல் திரும்பியவர்களைப் பற்றியும் பேசாது. ஹெய்ட்டிக்குப் போன இலங்கைப் படையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை 2007 நவம்பரில் ஐ.நா. வீட்டுக்கு அனுப்பியது. காரணத்தை எழுதக் கை கூசுகிறது. பசியோடு திரிந்த சிறுவர்களையும் சிறுமிகளையும் சில டொலருக்கும் பிஸ்கட்டுக்கும் சீரழித்தார்கள். பத்து வருஷம் கழித்து அசோசியேட்டட் பிரஸ் தோண்டிப் பார்த்தபோதும் ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை. 2013இல் அங்கே இன்னொரு முறைப்பாடு எழுந்தது. விசாரிக்க இலங்கை அனுப்பியது யாரை? 57ஆவது படைப்பிரிவின் முன்னாள் தளபதி ஜகத் டயஸை. அவர் மீதே யுத்தகாலக் குற்றச்சாட்டுகள் அடுக்கிக் கிடந்த நேரம். நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்குமாம். இங்கே நாட்டாமைக்கு விமானச் சீட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

பிறகு வந்தது சோதனை. அமைதிப் பணிக்குப் போகிறவனின் பழைய கதையை இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2018 தொடக்கத்தில், பார்த்து முடிப்பதற்குள்ளேயே 49 பேரை லெபனானுக்கு ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு அவசரம், அவ்வளவு சமாதானப் பற்று.

எங்களுக்கு அந்த அரைகுறைச் சோதனையும் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவில் ஆமி வெட்டியும் சுட்டும் எரித்தும் போட்டதை அரசாங்கமே ஆணைக்குழு வைத்து ஒத்துக்கொண்டது. அவர்கள் கணக்கில் 67 பேர். ஊர்க் கணக்கு அதைவிட அதிகம். தண்டனை? ஓர் அதிகாரிக்குச் சேவை போனது, அத்தோடு சரி. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்த 158 பேரை ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. பஸ் எங்கே போனது என்று இன்றுவரை தாய்மார் படத்தைப் பிடித்தபடி கேட்கிறார்கள். வெளிநாட்டு அமைதிப்படையும் எங்களுக்குப் புதிதல்ல. 1988இல் மாமாங்கத்தில் ஒரு மாதம் உண்ணாவிரதம் இருந்து அன்னை பூபதி உயிர்விட்டது இந்தியாவின் அமைதிப்படைக்கு முன்னால்தான். அமைதி காக்கும் படைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எங்களைவிட அனுபவசாலிகளை நியூயோர்க் எங்கே தேடும்?

ஆகவே விண்ணப்பம். பெரியகல்லாறு காவோவின் ஒரு வட்டாரமாக அறிவிக்கப்பட வேண்டும். அங்கே ஐ.நா. இப்போது இல்லை, ஆகவே முடியாது என்றால் மத்திய ஆபிரிக்கக் குடியரசோ தென் சூடானோ, எந்தக் கொடியின் கீழானாலும் பரவாயில்லை, ஆபிரிக்காவாக இருந்தால் போதும். அதன்பின் இங்கே முகாமுக்கு வருகிற ஒவ்வொரு அதிகாரியின் பழைய கோப்பையும் யாராவது திறந்து பார்க்க வேண்டிவரும். தகுதியில்லாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். எங்கே அனுப்புவது என்பது எங்கள் பிரச்சினை அல்ல. மாலிக்காரன் அதைப் பற்றி எங்களைக் கேட்டானா?

1,428 டொலர் எங்களுக்கு வேண்டாம், அரசாங்கமே வைத்துக்கொள்ளட்டும். படிவத்தை மட்டும் சீக்கிரம் அனுப்பி வையுங்கள். தமிழில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வருகிற கடிதத்துக்கே கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள், பிரெஞ்சில் வந்தாலும் நிரப்பித் தருவோம்.