பந்து தீவினுடையது, வாய் நம்முடையது

2025 நவம்பர் 18 அன்று இரண்டு கால்பந்து ஆட்டங்கள் நடந்தன. டாக்காவில் 140 கோடிப் பேரின் இந்திய அணி வங்கதேசத்திடம் ஒரு கோலில் தோற்றது. 22 ஆண்டுகளில் அவர்களிடம் வாங்கிய முதல் அடி. ஜமைக்காவில் குரசாவ் என்ற கரீபியன் தீவு கோலில்லாமல் சமன் செய்து, 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. அந்தத் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் திருவண்ணாமலை நகரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பதினோரு பையன்கள் எங்களுக்கும் கிடைப்பார்கள், மைதானம்தான் கிடைக்காது. கார்த்திகைத் தீபம் வந்துவிட்டால் காலி இடமெல்லாம் கார் நிறுத்துமிடம்.

"குரசாவ் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்தவர்கள்" என்று உடனே ஒரு தேசபக்தர் எழுந்து சொல்வார். சரி ஐயா, உட்காருங்கள். உள்நாட்டுத் தீவுக்கே போவோம்.

லட்சத்தீவு. மக்கள் வாழும் தீவுகள் பத்து, மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மக்கள்தொகை 64,473. சித்ரா பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் அத்தனை பேரையும் இறக்கிவிட்டால், குபேர லிங்கத்துக்கு முன்னால் நிற்கும் வரிசை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அந்த 64 ஆயிரத்திலிருந்து ஓர் அணி புறப்பட்டு, 2017இல் முதல் முறையாக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆடியது. கோழிக்கோட்டில் தெலங்கானாவைத் தோற்கடித்தது. ஒரு தீவுக்காரருக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தெலங்கானாக்காரர்கள் என்பது கணக்கு. கணக்கைப் பந்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. லட்சத்தீவில் பிறந்த இரட்டைச் சகோதரர்கள் முகமது ஐமனும் முகமது அசரும் பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கே ஆடினார்கள்.

வேறொரு நாடாக இருந்தால் அந்தத் தீவுக்கு ஒரு நல்ல பயிற்சியாளரை அனுப்பியிருக்கும். நாம் 2020 டிசம்பரில் ஒரு நிர்வாகியை அனுப்பினோம். பிரபுல் கோடா படேல், குஜராத்தின் முன்னாள் உள்துறை இணையமைச்சர். தீவுக்கு என்ன குறை என்று பார்த்தார். குற்றம் மிகக் குறைவு. பெரிய குறைதான்! ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்கும் குண்டர் சட்டத்துக்கு வரைவு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்று இன்னொரு வரைவு. அப்படிப் பார்த்தால் நம் மந்திரிகளில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பங்காரம் தவிர எங்கும் மது இல்லாத தீவுகளில் சுற்றுலாக்காரருக்கு மது ஊற்றத் திட்டம் போட்டார்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலிருந்து கோழியும் மற்ற இறைச்சியும் மறைந்தன. முட்டையும் மீனும் எப்படியோ தப்பின. அது நிர்வாகத்தின் கொள்கை முடிவு என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது.

அதே 2023 ஆகஸ்ட்டில், அப்போது தமிழக ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி எங்கள் ஊருக்கு வந்தார். கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று வருந்தினார். மலை சுற்றுகிறவரின் மனம் புண்படக் கூடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். தீவுப் பிள்ளைக்கு மனம் கிடையாதா? இங்கே இன்னொருவர் தட்டிலிருந்து வாசம் வந்தாலே நாம் புண்படுவோம். அங்கே சொந்தத் தட்டிலிருந்து எடுத்தாலும் அவன் வாயைத் திறக்கக் கூடாது. நாளைக்கு ஒரு நிர்வாகி வந்து, அன்னதானத்தில் சாம்பார் செலவு அதிகம், இனி வெறும் சோறுதான் என்று ஆணையிட்டு, கூடவே ராஜகோபுரத்துக்கு எதிரே சுற்றுலா வளர்ச்சிக்காக மதுக்கூடம் திறக்கட்டும். பொழுது விடிவதற்குள் அவர் வந்த வழியே வண்டியேறியிருப்பார். நமக்குக் கூட்டம் உண்டு, ஓட்டு உண்டு. அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு எம்.பி.

2024 ஜனவரியில் பிரதமர் அங்கே கடற்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்த படம் வந்ததும், மாலத்தீவை மட்டம் தட்டுவதற்காக நாடே லட்சத்தீவின் மேல் காதல் கொண்டது. அந்தக் காதலில் மணல் இருந்தது, நீலக் கடல் இருந்தது, தீவு ஆள்தான் இல்லை. மறு ஆண்டு ஜூலையில், பித்ரா தீவைப் பாதுகாப்புத் தேவைக்காகக் கையகப்படுத்தும் வேலை தொடங்கியது. அங்கே 2011இல் வாழ்ந்தவர்கள் 271 பேர். எங்கள் தேரடித் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் பேர் சாப்பிட உட்காருவார்கள். வளர்ச்சி, பாதுகாப்பு என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே ஆஃப்சைடு என்று சொல்லிவிட முடிகிறது. கொடி தூக்குகிறவரும் அவர்களே, விசில் ஊதுகிறவரும் அவர்களே.

அதே 2025 டிசம்பரில் கொல்கத்தாவுக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் நாற்காலியைப் பெயர்த்து எறிந்தார்கள். இந்தியக் கால்பந்துக்குச் செலவழிக்கக் காசில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த சந்தோஷ் கோப்பைக்கு லட்சத்தீவுப் பையன்கள் ஆட வேண்டுமானால், முதலில் கொச்சிக்குக் கப்பலேற வேண்டும். தீவைப் பொறுத்து பதினான்கு மணி நேரமும் ஆகும், இருபது மணி நேரமும் ஆகும். அதற்கும் டிக்கெட் கிடைக்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்களுக்குச் சிறப்புப் பேருந்தும் சிறப்பு ரயிலும் விடுகிற அரசாங்கங்களே, அவர்களுக்கு ஒரு சிறப்புக் கப்பல் விடுங்கள். விட மாட்டீர்கள் என்றால், இந்தியா ஏன் தோற்கிறது என்று தொலைக்காட்சியில் விவாதம் நடத்துவதையாவது நிறுத்துங்கள்.