கை குலுக்காத மாநாடு

2020 பிப்ரவரியில் பார்சிலோனாவில் உலக மொபைல் மாநாடு நடப்பதாக இருந்தது. லட்சம் பேருக்கு மேல் கூடுகிற திருவிழா. கொரோனாத் தொற்றுச் சேதி வந்தும் அமைப்பாளர்கள் அசரவில்லை. யாரும் கை குலுக்க வேண்டாம், ஒருவர் பேசி முடித்ததும் மைக்கை மாற்றிவிடுவோம் என்றார்கள். கை குலுக்கத்தானே அத்தனை பேரும் விமானம் ஏறுவது! எல்ஜி, எரிக்சன், அமேசான், சோனி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பிப்ரவரி 12 அன்று மாநாட்டுக்கே மங்களம் பாடிவிட்டார்கள்.

துபாய்க்காரர்கள் இன்னும் கெட்டி. ‘எக்ஸ்போ 2020’ உலகக் கண்காட்சி திறந்தது 2021 அக்டோபரில். பெயரை மாற்றவே இல்லை. காலண்டர்தான் விட்டுக்கொடுத்துப் போக வேண்டியிருந்தது.

மிச்சப்பேர் ‘ஜூம்’ காணொளிச் செயலிக்குக் குடிபெயர்ந்தார்கள். 2019 டிசம்பரில் நாளுக்கு 1 கோடி பேர் என்றிருந்த கூட்டம், 2020 மார்ச்சில் 20 கோடியைத் தொட்டது. நம்மூர்க் கருத்தரங்குகளில் குத்துவிளக்குகூடத் திரையிலேயே எரிந்தது (எண்ணெய்ச் செலவு மிச்சம்). சிறப்பு விருந்தினர் மைக்கை அணைத்துவைத்தபடியே உணர்ச்சி பொங்கப் பேசுவார். “சார், மியூட்ல இருக்கீங்க” என்று யார் சொல்வது? பதவி வரிசைப்படி ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துணைத்தலைவர் துணிவதற்குள் விருந்தினர் நன்றி சொல்லிக் கும்பிட்டிருப்பார். கைதட்டல் பொம்மைகள் திரையில் பொலபொலவென்று உதிரும்.

மாலையில் மின்சான்றிதழ் வந்துவிடும், பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. மதியம் பிரியாணி மட்டும் கிடையாது. அதற்காகப் பதிவுக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைத்திருப்பார்கள் என்கிறீர்களா?