பகல் பூச்சிக்கு ராத்திரி வெளக்கு

ஏலே பேராண்டி, சனிக்கிழமை ராத்திரி மொட்டைமாடியில வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால வெளக்கைப் போட்டு உக்காந்திருக்கியே, என்ன தோல்பாவைக் கூத்தா? அந்துப்பூச்சி பாக்கேங்கியா? எந்தப் பூச்சி? வெள்ளை றெக்கையில செவப்பும் கருப்புமா பொட்டு வச்சிருக்குமே, அதா? அது பட்டப்பகல்லயே பறக்கும். அதுக்கு எதுக்குலே கரண்டுச் செலவு?

காலம்பற வேதாள் டேக்டிக் குன்னுக்குப் போ. மழைக்குப் பொறவு புனேயில குன்னெல்லாம் புல்லு. மஞ்சப் பூவோட கிலுகிலுப்பைச் செடி நிக்கும். அதை ஒட்டி நட. காலடி பட்டதும் எந்திரிச்சு, நாலடி பறந்து, புல்லுல ஒட்டிக்கிடும்.

அங்க ஏன் கெடக்குன்னு யோசிச்சியா? நம்ம ஊர்ல நெல்லு நடுறதுக்கு முந்தி சணப்பை வெதைச்சு, பூக்கையில மடக்கி உழுவோம். அதுவும் கிலுகிலுப்பைச் சாதிதான். வெதைக்குன்னு விட்ட செடியில காயை ஓட்டை போட்டு உள்ள போகும் இந்தப் பூச்சியோட புழு. காஞ்ச காயை உலுக்கிப் பாரு. சத்தம் வரலைன்னா ஓட்டையைத் தேடு. கிலுகிலுப்பை வெதையை மாடு நெறையத் தின்னா ஈரல் கெடலாம். புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. வெசத்தை உடம்புலயே சேத்துவச்சு, றெக்கை மொளைச்ச பொறவும் வச்சிருக்கும். அமெரிக்காவுல இதுக்குப் பங்காளி ஒண்ணு உண்டு. அது வலையில விழுந்தா சிலந்தியே நூலை அறுத்து விட்டுருதுன்னு தாமஸ் ஐஸ்னர்ங்கிற விஞ்ஞானி பாத்து எழுதியிருக்காரு. செவப்புப் பொட்டு சிங்காரம்னா நெனச்ச? 'என்னைத் திங்காதே'ன்னு எழுதி ஒட்டின போர்டுலே அது.

பேரா? கைபேசிகிட்ட காட்டு. 'யுடெதெய்சா லோட்ரிக்ஸ்'னு அடிச்சுச் சொல்லும். அதுக்கென்ன, வெக்கமா மானமா? அதே சாயல்ல புல்கெல்லாய்டஸ்னு இன்னொண்ணு இருக்கு. நீலகிரியில தேயிலைத் தோட்டம் வச்சிருந்த ஹாம்ப்சன் துரை, 1892-லருந்து 1896 வரைக்கும் நம்ம நாட்டு அந்துப்பூச்சிக்கு நாலு பாகம் புத்தகம் போட்டவரு. அவரே இதுக்குத் தனிப் பேரு வச்சது 1907-லதான். வயித்து நுனியை அறுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் சந்தேகம் தீரும். அதுக்கு ஆகுர்டியில விலங்கியல் ஆய்வுத்துறையோட மேற்கு மண்டல ஆபீசு இருக்கு, படிச்சவங்க பாத்துக்கிடுவாங்க. நீ கத்தியைத் தூக்கிராதே.

'யுடெதெய்சா'ங்கிற முதல் பேரோட நிறுத்து. பக்கத்துல எந்தச் செடி, எந்தக் குன்னு, எந்த மாசம்னு எழுது. படத்துக்கு லைக்கு கொறையும்ங்கியா? கொறையட்டுமே.