சக்கரம் சுற்றும் பிள்ளை

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றுகிறான். இப்படியே விட்டால் படிப்பு எப்போது வரும்?

பதில்: சக்கரத்தோடு சேர்ந்தே வரும். காரைப் பிடுங்கி ஓட்டிக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். சட்டென்று நிறுத்திக் காத்திருங்கள். ‘இன்னும்’ என்று அவன் கண்ணோ கையோ கேட்டால் உரையாடல் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் கானி கசாரி குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 3, 4 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு இப்படி ஒரே பொருளைப் பிறரோடு சேர்ந்து கவனிக்கவும், இன்னொரு பிரிவுக்குப் பாவனை விளையாட்டும் பழக்கினார்கள். ஓராண்டு கழித்து, வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இரு பிரிவினரின் பேச்சும் வேகமாக வளர்ந்திருந்தது. ‘அவன் போக்கில் போனால் பழக்கம் முற்றிவிடாதா?’ என்பீர்கள். தனியே விடச் சொல்லவில்லை, கூடச் சேரச் சொல்கிறேன். சுற்றுவது அவனுக்கு இதம். அதைக் குற்றமாகப் பார்க்கவே கூடாது. பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். அங்கேயும் அந்தக் காரைக் கொண்டுபோங்கள்.