தவிடு தின்னும் ராஜா

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை அழவைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டா." என் அத்தை இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு என்னைக் கொடுத்துவிட்டுப் போன அந்த முகம் தெரியாத பெண்மணிமேல் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளுடைய வியாபார புத்தி புரிகிறது. தவிடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பொன்னியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து நான் இப்போது அரிசி வாங்குகிறேன். அன்றைக்கு லாபம் அவளுக்குத்தான்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. சர்க்கரை எல்லைக்கோட்டின் மேல் ஒரு காலை வைத்திருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், "சோத்தைக் குறைங்க சார்" என்றார். நான் வீடு வந்து சேர்வதற்குள் அது "சோத்தை மாத்துங்க" என்று ஆகிவிட்டது. குறைப்பதில் என்ன இருக்கிறது? தட்டில் இருப்பது போகும், அவ்வளவுதான். மாற்றுவதென்றால் கடைக்குப் போகலாம், பை நிறைய வாங்கலாம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லலாம்.

கடையில் தாடி வைத்த ஒரு தம்பி இருந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். பூங்கார், கருப்புக் கவுனி, தூயமல்லி, காட்டுயானம். யானை புகுந்து நின்றாலும் வெளியே தெரியாத உயரத்துக்கு வளருமாம் காட்டுயானம். எனக்குப் பிடித்தது மாப்பிள்ளைச் சம்பா. இளவட்டக்கல்லைத் தூக்கிப் பெண் கட்டிய காலத்தில் மாப்பிள்ளைகள் இதைத் தின்றுதான் தெம்பேற்றினார்களாம். கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த அரிசியை வாங்குகிறவனை அந்தத் தம்பி என்ன நினைத்தாரோ தெரியவில்லை. எனக்குக் கல்லெல்லாம் வேண்டாம், காஸ் சிலிண்டரைப் படியேற்றினால் போதும்.

இந்த ரகங்களில் பல அழிந்தே போயிருக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன், இயற்கை விவசாயத்தை முன்னெடுத்த நம்மாழ்வாரின் வழியில் வந்தவர், ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டு, விதையை விவசாயிகளிடம் பரப்பினார். 2018-இல் புற்றுநோயில் காலமானார். அப்படியெல்லாம் காப்பாற்றப்பட்ட நெல்லை நான் குக்கரில் போட்டு என்ன பாடு படுத்தினேன் என்பதுதான் இனிமேல் சொல்லப்போவது.

மூட்டையை ஹாலில் இறக்கியதும் என் மனைவி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "வாங்கினவங்களே வடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "தவிடு தின்னும் ராஜாவுக்கு முறம் பிடிக்கிற மந்திரின்னு சொல்லுவாங்க. இங்க மந்திரியும் கெடையாது."

பொன்னிக்கு வைப்பதுபோல் தண்ணீர் வைத்து, பொன்னிக்கு விடுவதுபோல் விசில் விட்டேன். திறந்தபோது ஒவ்வொரு அரிசியும் தன் தனித்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தட்டில் போட்டபோது கலகலவென்று சத்தம் கேட்டது. பையன் ஒரு வாய் போட்டு, சிறிது நேரம் மென்று, இன்னும் சிறிது நேரம் மென்று, "அப்பா, இது வெந்துடுச்சா, இல்ல இனிமேதான் வேகணுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். மறுதடவை பழிதீர்க்கிற வேகத்தில் தண்ணீரை ஊற்றினேன். விசிலை எண்ணவே இல்லை. குக்கர் வெயிட்டைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் கஞ்சி கொப்பளித்து, மூடியில் வழிந்து, பர்னரை அணைத்து, மேடையிலிருந்து சொட்டி, கீழே வைத்திருந்த வெங்காயக் கூடையில் இறங்கியது. உள்ளே இருந்த சோறு வெளியே வெடித்துக் குழைந்தும் நடுவில் விறைத்தும் இருந்தது. ஒரே அரிசியில் இரண்டு குற்றத்தையும் செய்ய முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

காரணம் எளியதுதான். நெல்லை மில்லில் அரைத்தால் முதலில் உமி கழலும். எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமியே. அதோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பது நான் வாங்கியது. நிறுத்தாமல் தீட்டிக்கொண்டே போனால் தவிடும் முளையும் கழன்று வெள்ளை அரிசி வரும். தவிட்டில்தான் நாரும் எண்ணெயும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. அந்தத் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. வெளியே வெந்துவிடும், நடுவுக்குச் சேதி போகாது. இதை நான் நாலு இடத்தில் படித்துத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் விளக்கியபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஊறப் போட்டியா?"

போடவில்லை.

அம்மா மன்னார்குடிப் பக்கத்துக்காரி. நெல் குத்தி வளர்ந்தவள். பாக்கெட்டில் 'கைக்குத்தல்' என்று அச்சடித்திருந்ததை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "யார் கை?" என்றாள். மெஷின்தான், ரப்பர் உருளை இரண்டு எதிரெதிரே சுற்றி உமியை உரிக்கும் என்றேன். "அதானே பாத்தேன்" என்றாள். பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, உரலுக்கு இரண்டு பேர் நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டு, புடைத்து, மறுபடி குத்தி, பிறகுதான் அடுப்பே பற்றவைப்பார்களாம். உள்ளங்கையில் காய்ப்பு. கர்ப்பிணிகளும் குத்தினார்களாம். "ஊர்ல ரைஸ் மில்லு வந்த அன்னிக்கு எங்கம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வச்சா. நீ என்னமோ அந்தக் காலம் பொற்காலம்ங்கிற." பாரம்பரிய அரிசியின் பெருமையை மேடையில் பேசுகிறவர்களில் ஒருவரும் உலக்கை பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. நானும் பிடித்ததில்லை.

இன்னொன்றும் சொன்னாள். தவிடு மாட்டுக்குப் போகுமாம். சோறு வடித்த கஞ்சியும் மாட்டுக்குத்தான். வெள்ளையாக, உதிரியாக வடித்த சோறு வீட்டு ஆண்களுக்கு. ஆக எங்கள் குடும்பத்தில் சரிவிகித உணவு சாப்பிட்டது தொழுவத்தில் கட்டியிருந்த ஜீவன் மட்டுமே.

விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நான் ஜாவாவுக்குப் போனேன். 1880-களின் கடைசி. டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, இதயம் பலவீனப்பட்டு ஆட்களைக் கொல்கிற நோய். திடீரென்று அவருடைய ஆராய்ச்சிக் கோழிகளும் தள்ளாட ஆரம்பித்தன. பிறகு தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில் விஷயம் அடுப்படியில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குப் போட முடியாது என்று கறாராக நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்குத் திரும்பிய கோழிகள் பிழைத்துக்கொண்டன. இந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் பின்னால் வைட்டமின் பி1 கண்டுபிடிக்கப்பட்டது. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றும் இல்லை. அடுப்படியில் நிற்பவர்களுக்கு நேரும் இந்த அநியாயம் எனக்கு இப்போது நன்றாகவே உறைக்கிறது.

நம்ம ஊரிலும் நடந்ததுதான் என்று குன்னூருக்கு வந்தேன். 1918-இல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. "அப்ப நமக்கு ஏன் அந்த வியாதி வரல?" என்றாள் அம்மா. நான் விழித்தேன். "நெல்லை அவிச்சுல்ல குத்துனோம்." சரிதான். புழுங்கலுக்கு நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜாவாவிலிருந்து குன்னூர் வரை நான் பயணம் செய்து கொண்டுவந்ததை அவள் கட்டிலை விட்டு இறங்காமலே முடித்துவைத்தாள்.

ராத்திரியே ஊறப் போட ஆரம்பித்தேன். ஊறிய அரிசியை நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும், அதுதான் பதம். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு சொட்டு நல்லெண்ணெய், விசில்கள் தாராளமாக, பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிஷம், அப்புறம் பிரஷர் தானாக அடங்கும் வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. கடைசி வேலைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்படி வைத்தால் தோல் லேசாக வாய் பிளந்து, உள்ளே வெள்ளை எட்டிப்பார்க்கும். அரிசி வெந்துவிட்டதற்கு அடையாளம் அது. மூடியைத் திறந்ததும் வருகிற வாசனை, அறுத்த வயல்பக்கம் சாயங்காலம் நடந்தால் வருமே, கிட்டத்தட்ட அது.

சேர்க்கை முக்கியம். ரசத்தை ஊற்றினால் இந்தச் சோறு கண்டுகொள்ளாது. ரசம் ஒரு பக்கம் ஓடும், சோறு ஒரு பக்கம் நிற்கும், நடுவில் நாம் விரலால் பஞ்சாயத்து பண்ண வேண்டும். மோருக்கும் அதே கதி. திட்டமாகக் காரமும் புளியும் ஏறிய வத்தக்குழம்பு ஊற்றிப் பாருங்கள், அல்லது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மென்று கொண்டே இருக்கும்போது சோற்றிலிருந்தே ஒரு இனிப்பு கிளம்பிப் புளிப்போடு சேரும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, மெல்ல வேண்டும், அவ்வளவுதான். பொன்னிச் சோற்றை நான் இத்தனை வருஷம் மென்றதாகவே நினைவில்லை. அது தானாக இறங்கிவிடும். இப்போது சாப்பாடு முடிய அரைமணி ஆகிறது. மென்றுகொண்டிருப்பதால் பேச முடிவதில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் இதனால் ஆதாயம் என்று மனைவி சொல்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேல் பழையது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பிசைந்து, கல் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால், இந்த அரிசியைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தானோ என்று தோன்றும். மோர்மிளகாய் இருந்தால் பக்கத்தில் யாரையும் சேர்க்காதீர்கள்.

இடையில் மச்சான் வந்திருந்தார். இலையில் சிவப்பாகச் சோறு விழுந்ததும் அவர் முகம் மாறியது. சாப்பிடும்வரை ஒன்றும் பேசவில்லை. கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார். இது ரேஷனைவிட மட்டமான அரிசி என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் விலையைச் சொன்னேன். அவருக்குக் கவலை இன்னும் அதிகமானது.

மூட்டையாக வாங்கியதற்கும் பலன் கிடைத்தது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பாதி மூட்டை தாண்டுவதற்குள் வண்டும் வந்துவிட்டது. அதை ஒட்டியே இருந்த பொன்னி டப்பாவை ஒரு வண்டும் எட்டிப் பார்க்கவில்லை. சத்து எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ள வண்டுக்குக் குன்னூரும் வேண்டாம், ஜாவாவும் வேண்டாம். இப்போது இரண்டு இரண்டு கிலோவாக வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். தக்காளி இருந்த இடம் போனதில் மனைவிக்கு வருத்தம் உண்டு.

மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை பெரிதாக அசையவில்லை. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளைச் சம்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "எவ்ளோ?" என்றார். தட்டின் அளவைக் கையால் காட்டினேன். அவர் சிரித்தார். கலோரிக் கணக்கில் இதுவும் வெள்ளை அரிசியும் ஏறக்குறைய ஒன்றுதானாம். நார் கூடுதல், சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், ஆனால் குவித்து வைத்தால் எதுவும் ஏறத்தான் செய்யும். "நான் குறைக்கச் சொன்னேன் சார்."

ஆக இப்போது குறைத்தும் சாப்பிடுகிறேன், மாற்றியும் சாப்பிடுகிறேன். வீட்டில் மற்றவர்களுக்குப் பொன்னி, எனக்குச் சின்னக் குக்கரில் தனி. அம்மா தொடுவதில்லை. காலையில் பழையதுச் சட்டியில் அளவு குறைந்திருக்கிறது, அதை யாரும் விசாரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் கையில் ஒரு பாக்கெட்டோடு வந்தார். அவருக்கும் ரிப்போர்ட் வந்திருக்கிறது. "இதுக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும் சார்?" என்றுதான் கேட்டார். உட்காரச் சொல்லி, 1880-களின் கடைசியில் ஜாவாவில் என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ராத்திரியே ஊறப் போட்டுடுங்க, ஒண்ணுக்கு மூணு டம்ளர்ங்க!" என்று குரல் கொடுத்தாள். அவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோழிகள் அப்போதுதான் தள்ளாட ஆரம்பித்திருந்தன.